சுத்தமான ஃபைல்

செப்டம்பர் 8, திங்கள்

காலை ஆறு மணிக்கே ஜன்னல் கண்ணாடி முழுக்க வியர்த்திருந்தது. வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடியும் மூடிக்கொள்கிறது. செப்டம்பர் பிறந்தும் புழுக்கம் விடவில்லை.

இன்றைக்குச் செய்ய வேண்டியவை: பால். மகன் ஆசிப்புக்கு வெள்ளைக் காலுறை (போன வாரம் வாங்கியதில் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று காணோம்). அவன் மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்க கிளினிக்கில் நேரம் வாங்குவது. ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து எழுதித் தர மாட்டார்கள். மூன்றும் நடக்கவில்லை.

பதினொன்றரைக்கு மெசேஜ். ஆசிப்பின் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் போட்ட விண்ணப்பம் திரும்பிவிட்டது. ரிஜெக்ட் இல்லை, ரிட்டர்ன். துபாய் சத்வாவில், அரசாங்க ஃபாரம் அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டரில் பதினாலு வருஷமாக இந்த வித்தியாசத்தை ஊருக்கெல்லாம் விளக்கிச் சொல்லும் ஆள் நான். 'பயப்படாதீங்க, ஒரு பேப்பர் குறையுது, அவ்வளவுதான்.' எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மெசேஜை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

குறையும் பேப்பர்: பன்னிரண்டு வயதுக்கு முன்பே பிள்ளைக்கு இந்தக் குணங்கள் இருந்தன என்று காட்டும் பழைய ஆவணம். பத்து நாள் கெடு. தவறினால் விண்ணப்பம் மூடப்படும்.

ஆசிப்புக்குப் பதினைந்து. பத்தாம் வகுப்பு. ஏ.டி.எச்.டி., கவனக் குறைபாடு, என்று ஜூனில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். அட்டை இருந்தால் போர்டு பரீட்சையில் கூடுதல் நேரம், தனி அறை, கேள்வியை வாசித்துக் காட்ட ஒருவர். இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. பள்ளி இந்த மாதக் கடைசியில் போர்டுக்குப் பெயர்களை அனுப்பிவிடும். போன பரீட்சையில் கணக்குத் தாளின் கடைசிப் பக்கத்தைப் புரட்டாமலேயே கொடுத்துவிட்டு வந்தவன். அந்தப் பக்கத்தில் இருந்ததெல்லாம் அவனுக்குத் தெரிந்த கணக்கு. இப்படியே பரீட்சை எழுதினால் தேறமாட்டான். தேறாதவனுக்கு இங்கே பதினொன்றில் எவன் இடம் தருவான்?

மனைவி ரஹ்மத் சோறு போடும்போது அவளிடம் சொன்னேன். பழைய ரிப்போர்ட் எல்லாம் நீங்கதானே பத்திரமா வச்சிருக்கீங்க என்றாள். வைத்திருக்கிறேன். எல்லாம் இருக்கிறது.

செப். 9, செவ்வாய்

நீல ஃபைலை இறக்கினேன். கே.ஜி. முதல் ஒன்பது வரை. நடத்தை: மிக நன்று. நடத்தை: நன்று. நடத்தை: மிக நன்று. இதைப் படித்தால் ஆசிப் ஒரு மகான், அவுலியா.

இதை இப்படிச் சுத்தமாக்கியவன் நான்தான். எழுதி வைத்துவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்ல.

மூன்றாம் வகுப்பு, ஷார்ஜா பள்ளி. ஸ்டெல்லா மிஸ் ரிப்போர்ட் கார்டில் நாலு வரி எழுதிவிட்டார். இடத்தில் உட்காருவதில்லை, சொல்வது காதில் ஏறுவதில்லை, மற்ற பிள்ளைகளின் வேலையைக் கெடுக்கிறான், நிபுணரிடம் காட்டவும். அந்த வருஷம்தான் நாங்கள் கராமாவுக்கு வீடு மாறினோம், துபாயில் பள்ளி தேடிக்கொண்டிருந்தோம். இந்த ஊரில் எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்த சங்கதி: அந்த நாலு வரியோடு போனால் 'வெயிட்டிங் லிஸ்ட்' என்பார்கள், கடைசிவரை கூப்பிட மாட்டார்கள். நான் ஷார்ஜாவுக்கு மூன்று நடை நடந்து அந்த நாலு வரி இல்லாத புதுக் கார்டு வாங்கி வந்தேன். ரஹ்மத் அப்போதே டாக்டரிடம் காட்டலாம் என்றாள். ஸ்கூலே தப்பை உணர்ந்து மாத்திக் குடுத்திருச்சு என்று அவளிடம் சொன்னேன்.

பிறகு புதுப் பள்ளியின் அட்மிஷன் ஃபாரம். 'கற்றலில், கவனத்தில், நடத்தையில் ஏதேனும் குறை முன்பு சுட்டிக்காட்டப்பட்டதா?' இல்லை என்ற கட்டத்தில் டிக். கீழே உறுதிமொழி: தகவல் பொய்யெனத் தெரிந்தால் இடம் ரத்து செய்யப்படலாம். கையெழுத்து, தேதி. நானே டைப் செய்தது, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். இப்போது பூசணிக்காய் எங்கே என்று கேட்கிறார்கள்.

இன்று சென்டரில் ஒரு எலெக்ட்ரீஷியன், ராமநாதபுரம் பக்கம். இன்ஷூரன்ஸ் ஃபாரம். காதர் பாய், எனக்குச் சின்ன வயசுல இருந்தே மூச்சு இளைப்பு இருக்கு, அதைப் போடணுமா என்றார். 'இல்லைன்னு போடுங்க, ஆமான்னு போட்டா அதுக்கு நாலு பேப்பர் கேப்பான்.' வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் போன பிறகுதான் உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன், பஸ் ஏறிவிட்டார்.

செப். 10, புதன்

கிளினிக். அரை நாள் லீவ். டாக்டரம்மா மலையாளி, நிதானமானவர். ஒரு வரி போதும், ஏதாவது ஒரு டீச்சர் எழுதிய ஒரே ஒரு வரி, தேதியோடு, என்றார். இப்போது நாங்களே எழுதிக் கொடுத்தால் ஆகாதா என்றேன். அப்போது எழுதியதுதான் வேண்டும் என்றார்.

ஆசிப்பைத் தனியே உட்காரவைத்துப் பேசினார். கதவு சரியாக மூடவில்லை. நான் ஒட்டுக்கேட்கவில்லை, கேட்டது.

'எல்லாருக்கும் தலைக்குள்ள இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன் டாக்டர். மத்தவங்க சமாளிக்கிறாங்க, நான் மட்டும் பேட் பாய், அதான் முடியலன்னு.'

வரும் வழியில் மெட்ரோவில் பக்கத்திலேயே நின்றான். கம்பியில் விரலால் தாளம். வழக்கமாக 'நிறுத்துடா' என்பேன். இன்று சொல்லவில்லை, அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மாத்திரைச் சீட்டு ஆச்சு. காலுறை மறந்தேன்.

செப். 11, வியாழன்

உடம்பு சரியில்லை, தலைவலி. ஏ.சி.யின் நேர்கீழ் சீட்.

மதியம் கூட்டமில்லாத நேரம் ஒரு காரியம் செய்தேன். ஷார்ஜா பள்ளியின் பழைய சர்க்குலர் ஒன்று ஃபைலில் இருந்தது, லெட்டர்ஹெட்டோடு. அதை ஸ்கேன் செய்து, நடுவில் இருந்ததை அழித்து, ஸ்டெல்லா மிஸ்ஸின் நாலு வரியை அப்படியே டைப் செய்தேன். மறக்காமல் இருந்தது, சொல்லுக்குச் சொல். ஏழு வருஷம் முந்திய தேதி. பத்து நிமிஷ வேலை. திரையில் பார்க்க அசல் மாதிரியே இருந்தது.

உள்ளதை எடுத்து எறிந்துவிட்டு, அதையே இப்போது கள்ளத்தனமாகச் செய்து வைக்கிறேன். அசிங்கமாக இருந்தது. அதோடு பயம். மாட்டினால் வேலை, விசா, எல்லாம் கலாஸ். என் விசாவில்தான் மூன்று பேரும் நிற்கிறோம். எது முதலில் வந்தது, அசிங்கமா பயமா, உண்மையைச் சொன்னால் பயம்தான்.

அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியிலும் போய் அழித்தேன்.

செப். 12, வெள்ளி

ஜும்ஆ. பள்ளிவாசலில் குத்பா பிரசங்கத்தின்போது கவனம் இல்லை. ஆசிப்பைக் குறை சொல்கிறேன், எனக்கே இல்லை.

சவூதி தம்மாமிலிருந்து மச்சினன் போன், ரஹ்மத்தின் தம்பி. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். 'ஊருக்கு அனுப்பிருங்க மச்சான். ஹாஸ்டல்ல போட்டா ரெண்டே மாசத்துல நேராயிருவான். நாமெல்லாம் அடிபடாமயா வந்தோம்? அட்டை கிட்டைன்னு எழுதி வச்சா நாளைக்குப் பொண்ணு தருவாங்களா?'

ஆசிப் பக்கத்து அறையில்தான். கேட்டிருப்பான். சாப்பிட வந்தபோது பிரியாணியில் இருந்த முட்டையை உம்மாவின் தட்டுக்குத் தள்ளிவிட்டு, நான் ஊருக்குப் போகணுமா என்றான். ரஹ்மத் யாரும் எங்கேயும் போகவில்லை என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் ஊறுகாயை எடுத்தேன்.

மச்சினனுக்குப் பதில் சொல்லியிருக்கலாம். நானும் அதே பாட்டைத்தான் ஏழு வருஷமாகப் பாடினேன், எந்த வாயோடு சொல்ல. சோம்பேறி, திமிர், பொறுப்பு இல்லை. ஆறாம் வகுப்பில் அவனை ஸ்கேலால் அடித்தேன். காலில், தடம் தெரிந்தது. அவன் பேன்ட் போட்டு மறைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனான்.

செப். 13, சனி

வேலை. 31 ஃபாரம். ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, லட்டு கொண்டுவந்தார்.

விசாரித்ததில், ஸ்டெல்லா மிஸ் இன்னும் அதே பள்ளியில் இருக்கிறாராம், இப்போது சூப்பர்வைசர். திங்கள் வரச் சொன்னார்கள். ரஹ்மத்திடம் சொல்லவில்லை.

செப். 15, திங்கள்

பஸ்ஸில் ஷார்ஜா. ஒன்றே கால் மணி நேரம் டிராஃபிக். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. நாகர்கோவில்காரர், பேச்சு மாறவில்லை. என்னை அடையாளம் தெரிந்தது. மோன் ஆசிப் நல்லா இருக்கானா என்றார் முதலில். விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் எழுதிய பழைய கார்டின் நகல் ஏதாவது இருக்குமா?

இல்லையாம். புதுக் கார்டு கொடுக்கும்போது பழையதைக் கிழித்துவிடுவது வழக்கமாம். நான் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிழித்தார்களாம். ஆமாம், நினைவிருக்கிறது. நிம்மதியாக இருந்தது அன்றைக்கு.

எழுந்து கிளம்பினேன். இருங்க என்றார். பீரோவிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்துவந்து ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். என் கடிதம். பிரின்சிபாலுக்கு நான் எழுதியது, சென்டர் கம்ப்யூட்டரில் அடித்தது, கீழே என் கையெழுத்து, மேலே பள்ளியின் 'பெறப்பட்டது' முத்திரையும் தேதியும்.

'நான் எழுதினதைத்தான் நீங்க எடுக்கச் சொன்னீங்க. நீங்க எழுதினத எடுக்கணும்னு யாரும் கேக்கல்லியே.'

குத்திக் காட்டவில்லை. சும்மா சொன்னார்.

அங்கேயே படித்தேன். மூன்று பாரா. என்னுடைய அந்தக்கால இங்கிலீஷ், 'மோஸ்ட் ரெஸ்பெக்ட்ஃபுல்லி' இரண்டு தடவை. சாரம் இது: என் மகன் இடத்தில் உட்காருவதில்லை, பொருள்களைத் தொலைக்கிறான், தன் முறை வரும்வரை காத்திருப்பதில்லை என்று வகுப்பாசிரியை எழுதியிருப்பது அனைத்தும் உண்மை. வீட்டிலும் அப்படித்தான். நான்கு வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் இது எழுத்தில் இருந்தால் அவன் எதிர்காலம் பாழாகும். தயவுசெய்து நீக்கித் தரவும்.

நகல் எடுத்து, பள்ளி முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாசல்வரை வந்தார். பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் கையால்.

செப். 16, செவ்வாய்

டாக்டரம்மாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன். இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது என்றார். பள்ளி, வீடு இரண்டும் இருக்கிறது, வயது இருக்கிறது, தேதி இருக்கிறது, தகப்பன் கையெழுத்து இருக்கிறது. அவர் குரலில் சந்தோஷம். எனக்குக் காது சுட்டது.

பிறகு ஆசிப் பள்ளியில் இந்தப் பிள்ளைகளைக் கவனிக்கும் மிஸ்ஸிடம் பேசினேன். சாதாரணமாகக் கேட்பது போல. போர்டுக்கு அனுப்பும்போது அட்டை மட்டும் போதுமா? போதாதாம். அட்டைக்குக் கொடுத்த ஆதாரங்கள் எல்லாவற்றின் நகலும் பள்ளி ஃபைலில் சேர வேண்டும், பிரின்சிபால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

ஆக:
கடிதத்தைக் கொடுக்காவிட்டால் அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் பத்து போச்சு.
கொடுத்தால் அட்மிஷன் ஃபாரத்தில் நான் பொய் சொன்னேன் என்பது பிரின்சிபால் மேஜைக்குப் போகிறது. இடமே போகலாம்.

இரண்டு பக்கமும் எரிகிற கொள்ளிக்கட்டைக்குள் எறும்பு. எறும்பு நானாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அவன்.

ரஹ்மத்திடம் கடிதத்தைக் கொடுத்தேன். வேறு வழியில்லை, விண்ணப்பத்தில் அவளும் கையெழுத்துப் போட வேண்டும். நின்றபடியே படித்தாள். இங்கிலீஷ் மெதுவாகத்தான் படிப்பாள். முடிக்கும்வரை எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

'ஸ்கூலே மாத்திக் குடுத்திருச்சுன்னு சொன்னீங்க.'

அவ்வளவுதான் கேட்டாள். நான் ஆரம்பித்தேன், அப்போதைய நிலைமை, சீட், ஊர்ப் பேச்சு. நான் எத்தனை தடவை சொன்னேன் காட்டலாம்னு என்றாள், சத்தம் போடாமல். தனக்குத்தான் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாளாம். செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேன்னு உங்க வீட்ல எல்லாரும் சொன்னாங்க, நீங்களும் சும்மா இருந்தீங்க என்றாள்.

சும்மாதான் இருந்தேன்.

பேனாவை வாங்கி, கையெழுத்துப் போட்டு, யூனிஃபார்ம் இஸ்திரி போடப் போய்விட்டாள்.

செப். 17, புதன்

நாளையோடு கெடு முடிகிறது.

புது போட்டோ வேண்டும், வெள்ளைப் பின்னணி. ஆசிப்பைப் பள்ளி விட்டதும் நேராக சென்டருக்கு வரச் சொன்னேன். மூன்றே முக்காலுக்கு வந்தான், ஒரு ஸ்டாப் தாண்டி இறங்கி நடந்து வந்திருக்கிறான், சட்டை தொப்பல். முகம் கழுவச் சொல்லி போட்டோ எடுத்தேன். கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றினான். பக்கத்து சீட் நம்பியார் சிரித்தார்.

அவனுக்குத் தெரியாமல் அப்லோடு செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கடிதம் திரையில் திறந்திருந்தது. 'வாப்பா, இதுதான் ப்ரூஃபா' என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். மூடியிருக்கலாம். கை மவுஸில்தான் இருந்தது. மூடவில்லை. துணிச்சல் என்றெல்லாம் இல்லை, களைப்பு.

படித்தான். வரி தவறாமல் இருக்கத் திரையில் விரலை வைத்து, உதடு அசைய. இரண்டாவது பாராவில் விரல் நின்றது. திரும்ப மேலே போய்த் தேதியைப் பார்த்தான். மறுபடி கீழே.

'எனக்கு அப்ப எட்டு வயசு.'

ஆமாம் என்றேன்.

'ஸோ நான் வேணும்னு பண்ணலைன்னு உங்களுக்குத் தெரியும்.'

கவுன்ட்டரில் ஒருவர் டோக்கனை நீட்டிக்கொண்டு நின்றார். நம்பியார் அவரை இந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டார். தெரியும், ஆனால் தெரியாது, அப்படி ஏதோ ஒன்று. அதைத் தமிழிலும் சொல்ல வரவில்லை, இங்கிலீஷிலும் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

அவன் அழவில்லை. கத்தவில்லை. எதையும் தட்டிவிடவில்லை. இவ்வளவு அசையாமல் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

இதை ஸ்கூலும் பார்க்குமா என்றான். பார்க்கும் என்றேன். சீட் போய்விடலாம் என்பதையும் சொன்னேன், மறைக்காமல். அனுப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்றான். பரீட்சையில் நேரம் கிடைக்காது.

'அனுப்புங்க. எனக்கு அந்த ப்ரூஃப் வேணும்.'

அப்லோடு. 4.20. 'பெறப்பட்டது' என்று வந்தது. பையை எடுத்துக்கொண்டு தனியாக பஸ்ஸில் போனான். நான் வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாசல்வரை போனேன், பஸ் நகர்ந்துவிட்டது. இதே போல எலெக்ட்ரீஷியனையும் விட்டேன் போன வாரம்.

செப். 19, வெள்ளி

ஒன்றும் வரவில்லை. தொப்புளான் என்றொரு கஸ்டமர், பெயரை இங்கிலீஷில் நாலு விதமாக எழுதிப் பார்த்தோம், எதுவும் பாஸ்போர்ட்டோடு ஒத்துவரவில்லை.

வீட்டில் அவனும் உம்மாவும் பேசிக்கொள்கிறார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு பரீட்சைக்கு மாறுகிறது.

செப். 20, சனி

மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து அவன் அறைக்குப் போனேன். ஹெட்போன் போட்டிருந்தான். காலுறையைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்தேன். ஆறு ஜோடி.

செப். 22, திங்கள்

காலை 10.05. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அட்டை ஆறு நாளில். டிஜிட்டல் நகல் உடனே. அவன் போட்டோ, அவன் பெயர், இங்கிலீஷிலும் அரபியிலும். சென்டரில் எழுந்து நின்றுவிட்டேன். நம்பியார் கை கொடுத்தார்.

11.40. பள்ளியிலிருந்து போன். பிரின்சிபால் பார்க்க விரும்புகிறார், புதன் காலை எட்டு மணி, இரண்டு பெற்றோரும். எதைப் பற்றி என்றேன். அட்மிஷன் ஃபாரம் பற்றி என்றார் அந்தப் பெண், மரியாதையாகத்தான்.

மாலை வீட்டுக்குப் போனதும் ஆசிப்பிடம் அட்டையைக் காட்டினேன். போனை வாங்கி, பெரிதாக்கி, தன் பெயரைப் பார்த்தான். ஓகே என்றான். புதன்கிழமை மீட்டிங்கைச் சொன்னேன். அதற்கும் ஓகே. சார்ஜர் எங்கே என்று கேட்டான், சுவரைப் பார்த்து.

வாப்பா என்று சொல்லவில்லை. ஐந்து நாளாகச் சொல்லவில்லை. இன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.